ஓடையைப் பிடித்து இறங்கு

என் மகள் எழில்மதி ஜார்ஜியாவில் டாக்டருக்குப் படிக்கிறாள். இதைச் சொன்னால் போதும், எங்கள் பிளாக்கில் எல்லோரும் "ஓ, அமெரிக்காவா?" என்பார்கள். அமெரிக்கா இல்லை, இது வேறு ஜார்ஜியா, ரஷ்யாவுக்குக் கீழே இருக்கிறது என்று நான்கு வருடமாகச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கொளஞ்சிநாதன் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "எதுவா இருந்தா என்னா வைத்தி, பாரின்னா பாரின்தான்" என்பான். பம்ப் ஹவுசில் வேலை பார்ப்பவனுக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

என் பெயர் வைத்திலிங்கம். நெய்வேலிச் சுரங்கத்தில் டோசர் ஓட்டுகிறேன். பூமிக்குள் இருக்கும் பழுப்பு நிலக்கரியை எடுக்க வேண்டுமென்றால் முதலில் அதன் மேலே கிடக்கும் மண்ணை எடுத்தாக வேண்டும். எடுத்த மண்ணை கன்வேயரில் கொண்டுவந்து ஓரிடத்தில் கொட்டுவார்கள். அதற்கு டம்ப் என்று பெயர். கொட்டிய மண்ணைத் தள்ளிச் சமன் செய்வது என் வேலை. இருபத்தொன்பது வருடமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறேன், மண் குறைந்தபாடில்லை. தட்டைத் தரையான எங்கள் ஊரில் மலை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் அந்த டம்பைத்தான் காட்டுவார்கள். அதில் கொஞ்சம் நான் செய்தது என்று எனக்குள் ஒரு பெருமை உண்டு. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

என் மனைவி கனகம் இருந்தவரை எனக்கும் எழிலுக்கும் நடுவில் பேச்சு என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை. அம்மாவும் மகளும் மணிக்கணக்கில் பேசுவார்கள். கடைசியில் கனகம் போனை என் பக்கம் நீட்டுவாள். நான் "சாப்டியா?" என்பேன். அவள் "சாப்டேன்" என்பாள். போன் திரும்பவும் கனகத்திடம் போய்விடும். எழில் இரண்டாம் வருடம் படிக்கும்போது கனகத்துக்குத் தலையில் ரத்தக் குழாய் வெடித்தது. ஒரே நாள். எழில் டிக்கெட் கிடைத்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பதினைந்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். அந்தப் பதினைந்து நாளும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் இடிக்காமல் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு போன் வரும். சாப்பிட்டியா, அங்கே குளிரா, இங்கே மழையா, உடம்பைப் பார்த்துக்கொள். ஒன்றரை நிமிடத்தில் சரக்கு தீர்ந்துவிடும். வாரம் முழுக்க எதையாவது சேர்த்துவைப்பேன். மந்தாரக்குப்பத்தில் புதிதாக ஒரு பரோட்டாக் கடை திறந்திருக்கிறார்கள், அதைச் சொல்லலாம் என்று இருப்பேன். போன் வந்ததும் பரோட்டா தொண்டையிலேயே நின்றுவிடும். எங்கள் பிளாக்கில் பாதி குவார்ட்டர்ஸ் காலி. ரிட்டயர் ஆனவர்கள் கிளம்பிவிட்டார்கள், புதிதாக யாரும் வரவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் டிவி பேசும், நான் கேட்பேன். அவ்வளவுதான் என் வீடு.

எழில் அங்கே மலை ஏறப் போகிறாள் என்பதே அவள் அனுப்பும் படங்களைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். பச்சைச் சரிவு, மேலே பனி, ஓரத்தில் சிவப்புக் கோட்டு போட்டு அவள். ஒரு நாள் எனக்குச் சந்தேகம் வந்து கேட்டேன்.

"போட்டோ யாரு எடுத்தா?"

"டைமர் வெச்சு நானே எடுத்தேன்ப்பா."

"கூட யாரையாவது கூட்டிக்கினு போவக் கூடாதா?"

"யாரு வரா? என் ரூம்ல இருக்கற ஆஃப்ரீனுக்குக் குளிர் ஆகாது. மத்தவங்கல்லாம் படிக்கறாங்க. மேல போனா கொஞ்சம் நல்லா இருக்குப்பா, அவ்ளோதான்."

கனகம் போன பிறகுதான் இந்தப் பழக்கம் வந்தது. எனக்கு டிவி மாதிரி அவளுக்கு மலை என்று எடுத்துக்கொண்டேன். அப்பன் என்ற முறையில் அதட்டியிருக்க வேண்டும். அதட்டினால் அந்த ஒன்றரை நிமிடமும் போய்விடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அன்று வார விடுமுறை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. காலை பதினொன்று பத்துக்கு ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எழில். சாயங்காலம் வர வேண்டிய போன் காலையில் வருகிறதே என்று கையைத் துடைக்காமலே எடுத்தேன்.

"அப்பா, பிசியா இருக்கியா?"

"பிசியா இருக்க நான் என்னா கலெக்டரா? சொல்லு."

"நான் மலையில இருக்கேன்ப்பா. விடியக்காலையிலேயே ஏறிட்டேன். இப்ப பனி மூடிடிச்சு, பத்தடிக்கு மேல ஒண்ணும் தெரியல. வந்த வழிய விட்டுட்டேன்."

"கூட யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"போன்ல சார்ஜ்?"

"ஒம்பது பர்சன்ட். குளிர்ல சீக்கிரம் எறங்குது. அப்பா, உனக்கு டம்புல இந்த மாதிரி பனி மூடினா என்ன பண்ணுவ?"

எனக்கு அப்போது பயம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். இதை எப்படிச் சொன்னாலும் அசிங்கமாகத்தான் இருக்கும், அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடத்தில் என் மகள் என்னிடம் முதல்முறையாக எனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டிருந்தாள். சரிவு, மண், பனி. புத்தகத்தில் இருப்பது இல்லை, என் கையில் இருப்பது. நான் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஒண்ணும் பயப்படாத. ஒரு மார்கழி மாசம், ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு. டோசர ஓட்டிக்கினு இருக்கேன், திடீர்னு பனி எறங்கிடுச்சு. என் கை எனக்குத் தெரியல. வண்டிய நிறுத்திட்டேன். வாக்கி டாக்கில கூப்பிட்டா எவனும் எடுக்கல. கீழ எறங்கணும், எந்தப் பக்கம்னு தெரியல. அப்ப நான் என்னா செஞ்சேன் சொல்லு?"

"என்ன செஞ்ச?"

அவள் அப்படிக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. நான் சொன்னேன். மேலே நின்றால்தான் ஆபத்து, மண் எந்த நேரமும் சரியும். மழைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போன தடம் ஒன்று காலில் பட்டது. அதைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன், பத்தாவது நிமிடம் ரோட்டில் நின்றேன். டம்பின் அடிவாரத்தைச் சுற்றி ஒரு பெரிய வாய்க்கால் உண்டு. மாலை போட்ட மாதிரி சுற்றி வருவதால் அதற்கு கார்லண்டு என்று பெயர். மேலே விழும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடினாலும் கார்லண்டில் வந்துதான் சேர வேண்டும். கார்லண்டின் கரையிலேயே ரோடு போகிறது. டம்பில் வேலை செய்கிற எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்: வழி தப்பினால் ஓடையைப் பிடித்து இறங்கு.

"அங்க தண்ணி சத்தம் கேக்குதா?" என்றேன்.

"கேக்குது."

"சரிவுல கீழ பாத்துக்கினு நில்லு. எந்தக் கைப் பக்கம் கேக்குது?"

"இடது கை."

"அவ்ளோதான். அந்த ஓடையப் புடிச்சிக்கினு எறங்கு. கீழ ரோடு வந்துடும்."

"ரோடு வருமாப்பா?" என்றாள்.

"வராம எங்க போவும்?"

"சரிப்பா."

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். எங்கே நிறுத்தினேன்? குதிகாலை ஊன்றி இறங்கு, பையை முன்னால் மாட்டிக்கொள், ஈரக் கல்லில் கால் வைக்காதே என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவளும் "ம்", "சரிப்பா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு முறை சிரித்தாள் என்றுகூட நினைக்கிறேன். பேசிக்கொண்டிருக்கும்போதே போன் கட்டாயிற்று. சார்ஜ் தீர்ந்திருக்கும், இறங்கி பஸ் ஏறியதும் கூப்பிடுவாள் என்று எழுந்து போய் மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்தேன்.

ரசம் அன்று நன்றாக வந்திருந்தது. சாப்பிட்டுவிட்டு, சும்மா இருக்க முடியாமல் கொளஞ்சி வீட்டுக்குப் போய், எழில் மலையில் வழி தெரியாமல் எனக்குத்தான் போன் செய்தாள், நான்தான் வழி சொன்னேன் என்று சொல்லிவிட்டு வேறு வந்தேன். "ஜார்ஜியா மலைக்கு நெய்வேலில இருந்து டைரக்‌ஷனா" என்று அவன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மூன்றரை மணிக்கு ஆஃப்ரீன் கூப்பிட்டாள். எழிலோடு ஒரே அறையில் தங்கிப் படிக்கும் பெண், நெல்லிக்குப்பம் பக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்துக்காரி. அவள் எனக்குப் போன் செய்ததே இல்லை.

"அங்கிள், எழில் உங்களுக்குப் போன் பண்ணாளா? மத்தியான பஸ்ல வந்துடறேன்னு சொன்னா. பஸ் வந்துட்டுது, அவ வரல. போன் சுவிட்ச் ஆஃப்னு வருது. எந்த மலைன்னுகூட சரியா சொல்லிட்டுப் போகல. மேல ஒரு பழைய சர்ச் இருக்கு, அந்தப் பக்கம்னு மட்டும் தெரியும். நான் எமர்ஜென்சி நம்பருக்குச் சொல்லிட்டேன்."

போன் செய்தாள், வழி தெரியவில்லை என்றாள் என்று மட்டும் சொன்னேன். நாலு மணிக்கு அவள் மறுபடியும் கூப்பிட்டாள். இந்த முறை மீட்புக் குழுவின் ஆள் ஒருவரும் லைனில் இருந்தார். அவர் அவர்கள் மொழியில் கரகரவென்று பேசினார், ஆஃப்ரீன் தமிழில் சொன்னாள்.

"அங்கிள், ரெண்டு எடத்துல எங்க தேடறதுன்னு கேக்கறாரு. மேல சர்ச்சுக்குப் பின்னாடி மேடு. இல்லன்னா கீழ ஓடைங்க. பனி இன்னும் விலகலயாம், ஹெலிகாப்டர் வராது, நடந்துதான் போகணும். ஆளுங்க கம்மி. இருட்டறதுக்கு நாலு மணி நேரம்தான் இருக்கு. ராத்திரி மைனஸ் போயிடும். அவ ஓடைப் பக்கம் போக மாட்டான்னு நான் சொல்லிட்டேன்."

"ஏன்?" என்றேன்.

"அதான் அங்கிள் இங்க ஃபர்ஸ்ட் சொல்லித் தர்றது. வழி தப்பினா நின்ன எடத்துலயே நில்லு, இந்த நம்பருக்குப் போன் பண்ணு, ஓடையப் புடிச்சு மட்டும் எறங்காதன்னு. கீழ போகப் போக ஓடை அருவி ஆயிடும். பாறை வழுக்கும். எறங்கவும் முடியாது, திரும்ப ஏறவும் முடியாது. வருஷா வருஷம் அங்கதான் பசங்க செத்துப் போறாங்கன்னு காலேஜ்லயே படம் போட்டுக் காட்டினாங்க. எழில்தான் புதுசா வர்ற பிள்ளைங்களுக்கெல்லாம் அதச் சொல்லுவா. அவளுக்கு இது நல்லா தெரியும். உங்ககிட்ட எந்தப் பக்கம் போறேன்னு ஏதாவது சொன்னாளா அங்கிள்?"

என் வாய் திறந்தது. அதிலிருந்து வந்தது இதுதான்:

"இல்லம்மா. வழி தெரியலன்னா. அப்புறம் கட்டாயிடுச்சு."

"சரி அங்கிள். அப்ப மேட்டுப் பக்கம் போகச் சொல்றேன்."

போனைக் கீழே வைத்தேன். கை அப்படியே அதன் மேல் இருந்தது. கார்லண்டு தானாக வந்தது இல்லை. யாரோ சர்வே போட்டு, மெஷின் வைத்து, எங்கள் டம்புக்காக வெட்டிய வாய்க்கால். மனிதன் கொட்டிய மண்ணுக்கு மனிதன் வெட்டிய வாய்க்கால். கடவுள் போட்ட மலைக்கு யார் போய் கார்லண்டு வெட்டியிருப்பார்கள்? இது ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. மலை என்ற ஒன்றை என் வாழ்நாளில் நான் ஏறியதில்லை என்பதே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. திருவண்ணாமலைக்குக்கூடப் போய்ச் சுற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை? வெட்கம். வேறொன்றும் இல்லை. படித்த பெண் ஒருத்தி, வெளிநாட்டு அதிகாரி ஒருவர், இவர்களுக்கு முன்னால் நான்தான் ஓடையில் இறங்கச் சொன்னேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. என் மகள் உயிருக்கு முன்னால் என் வெட்கம் போய் நின்றது.

நாலரைக்குக் கொளஞ்சி வந்தான். மூன்றரைக்கு வந்த போனுக்குப் பிறகு நானே அவனிடம் போய்ச் சொல்லியிருந்தேன். இப்போது ஓடை விஷயத்தையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டான்.

"த பாரு வைத்தி. அது படிச்ச புள்ள, டாக்டரு. ஓடைல எறங்கக் கூடாதுன்னு அதுக்கே தெரியும்னு அந்தப் பொண்ணு சொல்லுதுல்ல? நம்ம பேச்சயா கேக்கப் போவுது? என் புள்ள பெங்களூர்ல இருக்கறான், நான் மழைக்குக் குடை எடுத்துக்கடான்னா கேக்கறானா? சும்மா சரி சரின்னு தலையாட்டிட்டு அது இஷ்டத்துக்குதான் போவும். நீ இப்ப ஓடைன்னு சொன்னேன்னு வை, இருக்கற நாலு பேரும் கீழ போயிடுவானுங்க. புள்ள மேல நிக்கும். அப்புறம்?"

ஆறுதலுக்குத்தான் சொன்னான். ஆனால் சரியான இடத்தில் கை வைத்துவிட்டான். இனி எல்லாமே ஒரே ஒரு கேள்வியில் வந்து நின்றது. என் மகள் என் பேச்சைக் கேட்பாளா, மாட்டாளா? கேட்கிறவள் என்றால் அவள் ஓடையில் இருக்கிறாள். கேட்காதவள் என்றால் மேட்டில் இருக்கிறாள். இருபத்திரண்டு வருடம் அவளுக்கு அப்பனாக இருந்திருக்கிறேன், இதற்குப் பதில் எனக்குத் தெரியவில்லை. கனகம் இருந்திருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். கொளஞ்சி கேட்டான், "அது எப்பவாவது நீ சொன்னதக் கேட்டு இருக்குதா?" யோசித்துப் பார்த்தேன். நான் அவளுக்கு எதையாவது சொல்லியிருந்தால்தானே கேட்பதற்கு.

கொளஞ்சிக்கு செகண்ட் ஷிஃப்ட் ஆள் வரவில்லையென்று பம்ப் ஹவுசிலிருந்து போன் வந்தது. போக மனமில்லாமல் போனான். மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. அங்கே மூன்றரை. வீட்டில் சத்தமே இல்லை. டிவியைப் போடக்கூட பயமாக இருந்தது.

எழில் எதற்கு "சரிப்பா" என்றாள்? மனதில் பட்டுச் சொன்னாளா, தலையாட்டிச் சொன்னாளா? அந்தக் குரலை மறுபடியும் கேட்க முடியுமா என்று பைத்தியக்காரன் மாதிரி போனை எடுத்துப் பார்த்தேன். குரல் எங்கே இருக்கும்? காலையில் வந்த அழைப்பு மட்டும் இருந்தது. அதன் கீழே நேரம் போட்டிருந்தது. பதினொரு நிமிடம் நாற்பது நொடி.

மேலே தள்ளிப் பார்த்தேன். போன ஞாயிறு ஒரு நிமிடம் இருபத்தெட்டு. அதற்கு முந்தின ஞாயிறு ஒரு நிமிடம் ஐம்பது. அதற்கு முன்னால் ஐம்பத்து மூன்று நொடி. இன்று பதினொரு நிமிடம் நாற்பது. ஒன்பது பர்சன்ட் சார்ஜை வைத்துக்கொண்டு, குளிரில், பனிக்கு நடுவில் தனியாக நின்றுகொண்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் அவள் என்னைப் பேசவிட்டிருக்கிறாள். அந்த ஒன்பதை மிச்சம் பிடித்து எமர்ஜென்சி நம்பருக்கு அடித்திருக்கலாம். அது அவளுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். தலையாட்டுகிற பிள்ளை இரண்டாவது நிமிடத்தில் "சரிப்பா, சார்ஜ் இல்ல" என்று வைத்திருக்கும்.

அவள் இறங்கியிருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. ஐந்து பத்துக்கு ஆஃப்ரீனைக் கூப்பிட்டேன்.

"அம்மா, நான் காலையில உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்." நாலு மணி என்பதற்குக் காலை என்று வந்தது. "நான்தான் அவள ஓடையப் புடிச்சு எறங்கச் சொன்னேன். ரோடு வரும்னு சொன்னேன். அவ எறங்கி இருப்பா. நூத்துக்கு நூறு எறங்கி இருப்பா."

அந்தப் பெண் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அங்கிள்," என்றாள். "அவ எங்க நின்னான்னு ஏதாவது தெரியுமா? அங்க ரெண்டு ஓடை இருக்காம்."

"சரிவுல கீழ பாத்து நின்னா இடது கைப் பக்கம். நான் கேட்டேன், அவ சொன்னா. சத்தம் கேக்கற தூரம்தான்."

"வைங்க அங்கிள். நான் உடனே சொல்லிடறேன்."

நான் பொய் சொல்லி எழுபது நிமிடம் ஆகியிருந்தது. ஒரு ஷிஃப்ட்டில் எழுபது நிமிடம் என்பது ஒன்றுமில்லை, டீ குடித்துவிட்டு வருவதற்குள் போய்விடும். அன்று அந்த எழுபதில் ஒவ்வொன்றும் என் கணக்கில்தான் இருந்தது. மேட்டுப் பக்கம் போன ஆட்களை அவர்கள் திருப்பிக் கூப்பிட வேண்டியிருந்தது என்று பிறகு தெரிந்தது.

தூறல் நின்று மறுபடி பிடித்தது. நான் வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்துகொண்டிருந்தேன். யாருக்காவது போன் செய்யலாம் என்று நினைத்தால் செய்வதற்கு ஆள் இல்லை. கனகத்தின் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வைத்தேன். கடவுளிடம் கேட்கலாம் என்று விளக்கின் முன்னால் நின்றேன். என்னவென்று கேட்பது? நான் செய்த தப்பை நீ சரிசெய் என்றா? அதைக் கேட்கவும் கூச்சமாக இருந்தது.

ஏழு இருபதுக்கு ஆஃப்ரீன் கூப்பிட்டாள். அழுதுகொண்டிருந்தாள். முதலில் எனக்கு எதுவும் புரியவில்லை.

"கெடச்சிட்டா அங்கிள், உயிரோட இருக்கா. நீங்க சொன்ன ஓடைதான். பாதி வரைக்கும் எறங்கி இருக்கா, அதுக்குக் கீழ அருவி. ஏறப் பாத்து வழுக்கி ஒரு பாறை விளிம்புல விழுந்திருக்கா. கால் ஒடஞ்சிருக்கு, முழுக்க நனைஞ்சு விறைச்சுப் போயிருக்கா. பேசறா. கயிறு கட்டித் தூக்கறாங்க. இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகியிருந்தா அவ்ளோதான்னு சொன்னாங்க."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், சத்தமாகவே அழுதேன். காலியாக இருந்த பக்கத்து குவார்ட்டர்ஸ்களுக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் திங்கட்கிழமை லீவு சொன்னேன். பத்து மணிக்கு ஆஃப்ரீனின் போனிலிருந்து எழில் கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது.

"அப்பா."

"எழிலு. வலிக்குதாம்மா?"

"ஊசி போட்டிருக்காங்க, தெரியல. கால்ல ரெண்டு எடத்துல ஒடஞ்சிருக்கு. பிளேட் வெக்கணுமாம். இங்கயே பண்ணலாமா, இல்ல கட்டுப் போட்டுக்கிட்டு ஊருக்கு வந்து பண்ணிக்கறியான்னு கேக்கறாங்க. என்ன பண்ணட்டும்ப்பா?"

அவ்வளவு நடந்த பிறகும் அவள் என்னைத்தான் கேட்டாள்.

"எழிலு, நான் உனக்குத் தப்பா வழி சொல்லிட்டேன்," என்றேன். "எனக்கு டம்பு மட்டும்தான் தெரியும். மலையப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. அத அப்பவே சொல்லி இருக்கணும். அப்புறம் அவங்க கேட்டப்ப வெட்கப்பட்டுக்கினு சொல்லாம இருந்துட்டேன். எழுபது நிமிஷம். நீ தண்ணிக்குள்ள கெடந்த, நான் இங்க உக்காந்துக்கினு வாயத் தொறக்கல."

"ஆஃப்ரீன் சொன்னாப்பா."

"ஓடையில எறங்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியுமாமே. நீயே மத்தவங்களுக்குச் சொல்லுவியாமே."

"தெரியும்."

"பின்ன ஏம்மா எறங்கின?"

பின்னால் யாரோ சக்கரம் வைத்த எதையோ தள்ளிக்கொண்டு போனார்கள்.

"நீ சொன்னியேப்பா," என்றாள்.

வீட்டில் என் பேச்சைக் கேட்க ஆளே இல்லை என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இருந்தாள். தனக்குத் தெரிந்ததைத் தள்ளிவைத்துவிட்டு நான் சொன்னதை நம்பி இறங்குகிற அளவுக்கு இருந்தாள். அது தெரிந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இனி வாயைத் திறப்பதற்கே பயமாக இருந்தது.

"அப்பா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"ஆபரேஷனுக்கு என்ன சொல்லட்டும்?"

"எனக்குத் தெரியாதும்மா," என்றேன். "தெரிஞ்சவங்க பக்கத்துலயே இருக்காங்க. அவங்களக் கேளு. அவங்க சொல்றது சரியான்னு நீ யோசி. என்னக் கேக்காத."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"சரி, கேக்கல," என்றாள். "ஆனா போன வெச்சிடாத."

நான் வைக்கவில்லை.